பச்சை குத்தியிருக்கீங்களா?

முதலிலேயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்லை. பொட்டி தட்டுற கூட்டத்தில் ஒருத்தன். பத்தாவதோடு பயாலஜிக்குக் கும்பிடு போட்டுட்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பில் ஓடி ஒளிஞ்சவன். ஆனால் எங்கள் வீட்டில், கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையனுக்கு பிரிண்டர் ரிப்பேரிலிருந்து லிவர் ரிப்பேர் வரைக்கும் எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை. அதனால் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, அக்கா மூணு மாசம் முழுகாமல் இருந்தபோது எடுத்த ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டை எனக்குத்தான் அனுப்பினாள். "தம்பி, இதுல ஒண்ணு மட்டும் தடிச்ச எழுத்துல இருக்கு. என்னன்னு பாரு."

தடித்த எழுத்தில் இருந்தது, "ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. : ரியாக்டிவ்". அதாவது ஹெபடைடிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி. ரத்தம் ஏத்தியிருக்காங்களா? ஆபரேஷன் ஆகியிருக்கா? பல் பிடுங்கியிருக்கீங்களா? பச்சை குத்தியிருக்கீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி... என்று ஒரு கேள்வி பாதியில் நின்றதாம். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. பக்கத்தில் மாமியார். வீட்டுக்கு வந்ததும் அவங்க கேட்டது ஒரே கேள்வி: "அப்ப இது எங்கேர்ந்து ஒட்டிக்கிட்டு வந்துச்சு?"

அன்னைக்கு ராத்திரி அக்கா போனில் அழுதாள். நான் ஆறுதல் சொல்லத் தெரியாமல் கூகிளில் தேட ஆரம்பித்தேன். தேடத் தேட தெரிந்தது, அந்தப் படிவத்துக்கே ஒரு பெரிய கதை இருக்கிறது என்று. அதைத்தான் எழுதப் போகிறேன். பதிவு கொஞ்சம் நீளம், டீயோட வந்து உட்காருங்க.

கதை 1883ல் ஜெர்மனியின் பிரெமன் நகரில் ஒரு கப்பல் கட்டும் தளத்தில் தொடங்குது. அம்மைத் தடுப்பூசி போட்ட 1,289 தொழிலாளிகளில் 191 பேருக்கு அடுத்த மாதங்களில் மஞ்சள் காமாலை. அவங்களுக்குப் போட்ட மருந்து, இன்னொரு மனுஷன் உடம்பிலிருந்து எடுத்த நிணநீர். அதே தளத்தில் புதுசாக வேலைக்கு வந்து அந்த ஊசி போடாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. லூர்மன் என்கிற டாக்டர் இதை 1885ல் எழுதி வைத்தார். அப்புறம் 1942ல் அமெரிக்க ராணுவத்தில் இதே கூத்து, பல மடங்கு பெரிசாக. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனித ரத்த சீரம் கலந்திருந்தது. சுமார் 50,000 சிப்பாய்கள் காமாலையோடு ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். ரத்தத்தில் ஏதோ ஒன்று ஒளிஞ்சிருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அது என்ன என்று யாருக்கும் தெரியாது.

கண்டுபிடித்தவர் அதைத் தேடவே இல்லை என்பதுதான் வேடிக்கை. பரூக் பிளம்பெர்க் என்ற அமெரிக்கர். ஒரே வியாதி ஒருத்தரைப் போட்டுத் தள்ளுது, இன்னொருத்தரைத் தொடவே மாட்டேங்குது, ஏன்? பரம்பரையாக வரும் ரத்தப் புரதங்களில் வித்தியாசம் இருக்குமோ என்று உலகம் பூரா ரத்தம் சேகரித்துக்கொண்டிருந்தார். நிறைய தடவை ரத்தம் ஏற்றிக்கொண்ட ஹீமோஃபீலியா நோயாளிகளின் சீரத்தை எடுத்து, சேகரித்த ரத்தங்களோடு ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ரெண்டும் முட்டிக்கொண்டால் ஜெல்லில் ஒரு கோடு விழும். 1963ல் ஹார்வி ஆல்ட்டர் என்ற இளைஞரும் அவரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, நியூயார்க் நோயாளி ஒருவரின் சீரம் ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தோடு கோடு போட்டது. என்ன என்று புரியவில்லை. "ஆஸ்திரேலியா ஆன்டிஜென்" என்று பேர் வைத்து 1965ல் கட்டுரை போட்டார்கள். முதலில் அதை ரத்தப் புற்றுநோயோடு முடிச்சுப் போட்டார்கள். தப்பான ரூட்! (பக் ஒரு இடத்தில் இருக்க நாம வேற ஃபைலைத் திறந்து வச்சு முறைச்சுக்கிட்டு இருப்போமே, அது மாதிரி.)

சரியான ரூட்டைக் காட்டியது ரெண்டு சம்பவம். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஒருவருக்கு முதலில் இல்லாத ஆன்டிஜென் 1966ல் புதுசாக வந்திருந்தது. பரம்பரைச் சமாச்சாரம் என்றால் நடுவில் எப்படி முளைக்கும்? கூடவே அவருடைய கல்லீரல் கெட்டிருந்தது. அடுத்த வருஷம் பிளம்பெர்க் ஆய்வகத்திலேயே வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவர் தன் ரத்தத்தையே சோதித்துப் பார்த்தார். கோடு விழுந்தது. இந்தச் சோதனையால் ஹெபடைடிஸ் பி கண்டுபிடிக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான். நல்லபடியாகப் பிழைத்துக்கொண்டார். அந்த ஆஸ்திரேலியா ஆன்டிஜென்தான் அக்கா ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் இருந்த ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. பிளம்பெர்குக்கு 1976ல் நோபல் கிடைத்தது.

இதுக்கு நடுவில் வில்லோபுரூக் என்று ஒரு அசிங்கமான அத்தியாயமும் உண்டு. நியூயார்க்கில் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கான விடுதியில், சால் குரூக்மன் என்ற டாக்டர் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கிருமியைக் கொடுத்து ஆராய்ந்தார். காமாலையில் ரெண்டு வகை இருக்கு, ரெண்டாவது வகை உள்ள ரத்தத்தைக் கொதிக்க வைத்துக் கொடுத்தால் ஓரளவு பாதுகாப்பு கிடைக்குது என்று அங்கேதான் நிரூபணமானது. தடுப்பூசிக்கு அது ஒரு படிக்கட்டு. இதை எழுதும்போது எனக்கு நாக்கு கசக்குது, அதனால் இத்தோடு விட்டுடறேன்.

சரி, கிருமி கிடைச்சாச்சு. எப்படிப் பரவுது? மேலைநாட்டு டாக்டர்கள் ஒரு லிஸ்ட் போட்டார்கள். ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், போதை ஊசி போடுகிறவர்கள், பல பேரோடு உறவு வைத்திருப்பவர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள், பச்சை குத்தியவர்கள். ஒவ்வொன்றும் உண்மைதான், ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் எல்லாமே ஒரு ஆள் வளர்ந்த பிறகு செய்தது, அல்லது அவருக்கு யாராவது செய்தது. இந்த லிஸ்ட்டை எடுத்துக்கொண்டு தைவானுக்குப் போனால் கணக்கு உதைக்கும். அங்கே 1970களில் பெரியவர்களில் நூற்றுக்குப் பதினைந்து, இருபது பேர் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டிருந்தார்கள். ஊரில் அஞ்சு பேருக்கு ஒருத்தர் போதை ஊசி போடுகிறாரா என்ன?

பால்மர் பீஸ்லி என்ற அமெரிக்க டாக்டர் 1972ல் தைவானில் போய் உட்கார்ந்தார். கூட வேலை செய்தவர்களில் கிளாட் ஸ்டீவன்ஸ், லூ-யூ ஹ்வாங் என்ற ரெண்டு பெண்கள் முக்கியம் (ஹ்வாங் பின்னாளில் திருமதி பீஸ்லி). அம்மாவிடமிருந்து குழந்தைக்குப் போகுதா என்பது அப்போது தீராத கேள்வி. ஐரோப்பாவில் பார்த்த சில ஆய்வுகளில், நோயே தெரியாமல் கிருமியைச் சுமக்கும் தாய்மார்களின் குழந்தைகளுக்குப் பெரிசாக ஒன்றும் வரவில்லை. அதனால் அது முக்கியமான வழி இல்லை என்று பலரும் நினைத்தார்கள். தைவான் குழு அப்படிப்பட்ட 158 தாய்மார்களின் குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்தது. ஆறு மாசத்துக்குள் 63 குழந்தைகளுக்கு, அதாவது நூற்றுக்கு நாற்பது பேருக்கு, கிருமி. 1975ல் இது வெளியானது.

ஐரோப்பாவில் ஏன் வரலை, இங்கே ஏன் வருது? பதில் இன்னொரு ஆன்டிஜெனில் இருந்தது. 'இ' ஆன்டிஜென். இது ரத்தத்தில் இருந்தால் கிருமி மும்முரமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது உள்ள தாய்மார்கள் கிட்டத்தட்ட எல்லாருமே குழந்தைக்குக் கொடுக்கிறார்கள், அது போய் அதற்கான எதிர்ப்பொருள் வந்துவிட்டவர்கள் அபூர்வமாகத்தான் கொடுக்கிறார்கள் என்று ஜப்பான் ஆய்வாளர்கள் 1976ல் காட்டினார்கள். அடுத்த வருஷம் பீஸ்லி குழுவும் அதே மாதிரி எழுதியது. ஐரோப்பியத் தாய்மார்களில் 'இ' உள்ளவர்கள் குறைச்சல், தைவானில் அதிகம். அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கே ஒரு விஷயம் எனக்குப் புரியவே ரெண்டு நாள் ஆச்சு. பெரியவங்களுக்கு இந்தக் கிருமி வந்தால் காமாலை வந்து படுத்தி எடுக்கும், ஆனால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடம்பே அதைத் துரத்திவிடும். பிறந்த குழந்தைக்கு வந்தால் காமாலையும் இல்லை, காய்ச்சலும் இல்லை, பிள்ளை கொழு கொழுன்னு இருக்கும். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு அது போகவே போகாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கும் திருடனைப் பார்க்கும் வாட்ச்மேன், "ஐயா வீட்டு ஆள் போல" என்று சலாம் போட்டுவிடுகிறான். அப்புறம் முப்பது நாற்பது வருஷம் கழித்துத் திடீர்னு அவனுக்குச் சந்தேகம் வந்து சண்டை போட, கல்லீரல் போர்க்களம் ஆகுது. அதிலும் பெண் குழந்தை என்றால், அது வளர்ந்து பிள்ளை பெறும் வயதில் கிருமி இன்னும் மும்முரமாக இருக்கும். அம்மா, மகள், பேத்தி என்று சங்கிலி.

அந்தப் போர்க்களம் எப்படி முடியும் என்பதையும் பீஸ்லி-ஹ்வாங் குழுவே காட்டியது. தைவானில் 22,707 ஆண்களை, பெரும்பாலும் அரசு ஊழியர்கள், பட்டியல் போட்டு வருஷக்கணக்காகத் தொடர்ந்தார்கள். 1981ல் கணக்குப் பார்த்தபோது கல்லீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 41 பேர். அதில் 40 பேர் இந்தக் கிருமியைச் சுமந்தவர்கள். சுமக்காதவர்களில் ஒரே ஒருத்தர். சுமக்காதவர்கள்தான் எண்ணிக்கையில் அஞ்சு மடங்குக்கு மேல் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபத்து 200 மடங்குக்கும் அதிகம். நான் இந்த எண்ணைப் பார்த்துட்டு லேப்டாப்பை மூடி வச்சுட்டுப் போய்ப் படுத்துட்டேன்.

ஆனால் அதே குழுவிடம்தான் நல்ல சேதியும் இருந்தது. கிருமி பெரும்பாலும் கருவிலேயே போவதில்லை, பிரசவ நேரத்தில் ரத்தத்தின் வழியாகப் போகிறது. அதாவது குழந்தை வெளியே வந்த பிறகு சில மணி நேரம் நம் கையில் இருக்கு. முதலில் தயார் நிலை எதிர்ப்பொருளை, இம்யூனோகுளோபுலினை, ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். வெற்று ஊசி போட்ட 'இ' தாய்மார்களின் குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் கேரியர் ஆனார்கள். நிஜ மருந்தை மூணு தவணை போட்டதில் அது கால்வாசியாகக் குறைந்தது. (வெற்று ஊசி வாங்கிய குழந்தைகளுக்கு இன்னைக்கு நாற்பத்தைந்து வயசு தாண்டியிருக்கும். நினைக்காமல் இருக்க முடியலை.) அதோடு தடுப்பூசியையும் சேர்த்தபோது 94 சதவீதம் பாதுகாப்பு. இது 1983.

தடுப்பூசி அதற்குள் வந்திருந்தது. பிளம்பெர்கும் இர்விங் மில்மனும் 1969ல் காப்புரிமை கேட்ட யோசனை, மெர்க் கம்பெனியில் மாரிஸ் ஹில்மன் கையில் உருப்பெற்று 1981ல் அனுமதி வாங்கியது. கிருமியைச் சுமப்பவர்களின் ரத்தத்திலிருந்தே அதன் மேலுறையை மட்டும் பிரித்தெடுத்துச் சுத்தம் செய்வது. பெப்சின், யூரியா, ஃபார்மலின் என்று மூணு குளியல். எய்ட்ஸ் பயம் கிளம்பிய நேரம் வேறு. ரத்தத்திலிருந்து வந்த ஊசி என்றதும் ஜனங்கள் தயங்கினார்கள். 1986ல் ஈஸ்ட்டில் வளர்த்தெடுக்கும் தடுப்பூசி வந்ததும் அந்தப் பயம் தீர்ந்தது.

இப்போ அந்தப் படிவத்துக்கு வர்றேன். ஊசி கையில் கிடைத்ததும் அமெரிக்கா என்ன செய்தது? லிஸ்ட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் போடச் சொன்னது. கர்ப்பிணிகளிலும் லிஸ்ட்டில் உள்ளவர்களை மட்டும் சோதிக்கச் சொன்னது, 1984ல். பிறகு ஆஸ்பத்திரிகளில் எல்லாரையும் சோதித்துப் பார்த்தால், கிருமி உள்ள தாய்மார்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் அந்த லிஸ்ட்டில் எதிலுமே வரவில்லை! கேள்வி கேட்டவர்களுக்குக் கேட்கக் கூச்சம், பதில் சொன்னவர்களுக்குச் சொல்லக் கூச்சம், நிறைய பேருக்குச் சொல்ல ஒன்றுமே இல்லை. 1988ல் லிஸ்ட்டை ஓரம் கட்டிவிட்டு, எல்லாக் கர்ப்பிணிகளையும் சோதியுங்கள் என்றார்கள். 1991ல் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி என்றார்கள். இத்தனைக்கும் பிறகு 2025 டிசம்பரில் அந்நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, அம்மாவுக்கு நெகட்டிவ் என்றால் பிறந்த உடனே போடும் ஊசியைப் பெற்றோரும் டாக்டரும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும் என்று ஓட்டுப் போட்டது. சோதனை தப்பாகலாம், சோதித்த பிறகு அம்மாவுக்கு வரலாம், வீட்டில் வேறு யாருக்காவது இருக்கலாம். ஒரு பழைய பக்கைத் தெரிஞ்சே மறுபடி உள்ளே விடுற மாதிரிதான் எனக்குப் படுது.

தைவான் இந்தச் சுற்று வழியில் போகவே இல்லை. 1984 ஜூலையில் கிருமியுள்ள தாய்மார்களின் குழந்தைகளுக்கு, 1986லிருந்து பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி. நாடு முழுவதும் இப்படிச் செய்ததில் உலகத்திலேயே முதல். தைப்பேயில் சின்னப் பிள்ளைகளில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட பத்துப் பேரிடம் இருந்த கிருமி, பத்தே வருஷத்தில் ஒன்றரைக்கும் கீழே வந்தது. 1997ல் சாங் மெய்-ஹ்வெய் என்ற குழந்தை மருத்துவர் வெளியிட்ட கணக்கில், 6லிருந்து 14 வயதுப் பிள்ளைகளின் கல்லீரல் புற்றுநோய் லட்சத்துக்கு 0.70லிருந்து 0.36 ஆகியிருந்தது. தடுப்பூசி போட்டுப் புற்றுநோய் குறைந்ததை உலகம் பார்த்தது அதுதான் முதல் தடவை.

நம்ம ஊர்? ஆரம்பத்தில் இறக்குமதி ஊசி, விலை பல நூறு ரூபாய். ஹைதராபாத்தில் வரபிரசாத் ரெட்டி என்ற எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர் (ஆமாங்க, நம்ம சாதி சனம்தான் :-)) சாந்தா பயோடெக்னிக்ஸ் ஆரம்பித்து 1997ல் உள்நாட்டிலேயே தயாரித்து விலையைத் தரைக்குக் கொண்டுவந்தார். அரசாங்கத் திட்டத்தில் 2002ல் முன்னோட்டம், 2007-08ல் பத்து மாநிலங்கள், நாடு முழுக்க வந்தது 2011ல். அக்கா பிறந்தது 1994. அவளுக்குத் தடுப்பூசி என்று ஒன்று இருந்ததே எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் ஸ்கூல் படிக்கும்போது ஒரு கேம்ப் வந்தது, காசு கட்டி எனக்கு மூணு ஊசி போட்டார்கள். அக்காவுக்கு அன்னைக்குப் பரீட்சை.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு, நம்ம கீழாநெல்லி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் (பிற்பாடு துணைவேந்தரானவர்) குழுவும், சாட்சாத் அதே பிளம்பெர்கும் சேர்ந்து 1988ல் லான்செட்டில் எழுதினார்கள்: கீழாநெல்லி சாப்பிட்ட 37 கேரியர்களில் 22 பேருக்கு ஆன்டிஜென் மறைந்தது, வெற்று மருந்து சாப்பிட்ட 23 பேரில் ஒருத்தருக்கு. உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் வேற இடங்களில் திருப்பிச் செய்தபோது அந்த முடிவு வரவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "வெள்ளைக்காரன் அளவா அரைச்சிருக்க மாட்டான்" என்றாள்.

அக்கா விஷயத்துக்கு வர்றேன். படிவத்தை மூடி வைத்துவிட்டு, வேற ஒரு டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்க அம்மாவுக்கு டெஸ்ட் பண்ணியிருக்கா?" பண்ணினோம். ரியாக்டிவ். எனக்கும் எடுத்தார்கள், கிருமி இல்லை. கேம்ப் ஊசியா, நான் பிறக்கிறதுக்குள் அம்மாவுக்கு 'இ' போய்விட்டதா, இனிமேல் யாராலும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நம்ம நாட்டில் சின்ன வயதில் வீட்டுக்குள்ளேயே பிள்ளைக்குப் பிள்ளை பரவுவதும் நிறைய உண்டாம்.

அக்காவுக்குக் கிருமியின் அளவு அதிகம். ஏழாம் மாசத்திலிருந்து தினம் ஒரு டெனோஃபோவிர் மாத்திரை. அளவு அதிகமுள்ள தாய்மார்களுக்கு இது குழந்தையைக் காப்பாற்றும் என்று 2016ல் சீனாவில் நடந்த ஆய்வில் நிரூபித்திருக்கிறார்கள். சுகப்பிரசவம். பிறந்து மூணு மணி நேரத்தில் ரெண்டு தொடையிலும் ஒவ்வொரு ஊசி, ஒன்று தடுப்பூசி, ஒன்று இம்யூனோகுளோபுலின். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார்கள். மாமியார் அதை மட்டும் மூணு தடவை திருப்பிக் கேட்டார்.

போன மாசம் மருமகளுக்கு ரத்தம் எடுத்தோம். ரிப்போர்ட்டை அக்கா எனக்கு அனுப்பவில்லை, அவளே படித்துக்கொண்டாள். நான்-ரியாக்டிவ். எதிர்ப்பொருள் நிறைய.

அம்மாவுக்கு இப்போ ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன். முதல் தடவை நான்தான் கூட்டிப் போனேன். அங்கேயும் அதே படிவம். பச்சை குத்தியிருக்கீங்களா? அம்மா கையை நீட்டிக் காட்டினாள். முன்னங்கையில் ஒரு தேள், சின்ன வயதில் திருவிழாவில் குத்தியது. நர்ஸ் சந்தோஷமாக டிக் அடித்தார். காரணம் கிடைச்சாச்சு இல்லையா.

பஸ்ஸில் திரும்பி வரும்போது அம்மா வெகு நேரம் அந்தத் தேளையே பார்த்துக்கொண்டு வந்தாள். அப்புறம் சொன்னாள்.

"உங்க பெரிய மாமா நாப்பத்தஞ்சு வயசுல போச்சு. வயிறு வீங்கி, கண்ணெல்லாம் மஞ்சளா. ஒரு சொட்டு குடிச்சதில்ல எங்கண்ணன். ஊரே குடிகாரன்னு பேசுச்சு. அதுக்குக் கையில பச்சையும் இல்ல."